காமாலையே வராத பள்ளிக்கூடம்

இரண்டு பள்ளிக்கூடங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் ஐந்து வருடமாக ஒரு பிள்ளைக்கும் மஞ்சள் காமாலை வந்ததில்லை. இன்னொன்றில் ஒரே பருவத்தில் நாற்பது பேருக்குக் கண் மஞ்சளாகி, பெற்றோர் வாசலில் கூடி நிற்கிறார்கள். மலத்தில் வெளியேறி, தண்ணீர் வழியாகவும் கை வழியாகவும் பரவிக் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் எங்கே அதிகம் புழங்குகிறது என்று கேட்டால் எல்லோரும் இரண்டாவது பள்ளியைத்தான் கைகாட்டுவார்கள். முதல் பள்ளியாக இருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு. இந்த நோயின் குசும்பே அதுதான்.

எல்லாம் வயதுக் கணக்கு. ஆறு வயதுக்குள் இந்த வைரஸ் தொற்றினால் பத்தில் ஏழு குழந்தைகளுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. மற்றவர்களுக்கும் பெரும்பாலும் காய்ச்சல், வாந்தி, பசியின்மை என்று வந்து போய்விடும். கண் மஞ்சளாவது சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குத்தான். பெரிய பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் கணக்கு தலைகீழ். பத்தில் ஏழு பேருக்கு மேல் காமாலையில் படுப்பார்கள். ஆனால் அறிகுறி இருக்கிறவர், இல்லாதவர் என்ற பேதம் மலத்துக்குத் தெரியாது. இரண்டு பேரிடமிருந்தும் வைரஸ் வெளியேறும். ஒருமுறை தொற்றிவிட்டால் ஆயுளுக்கும் எதிர்ப்பு நிற்கும் என்பதால், சின்ன வயதிலேயே எல்லோருக்கும் சத்தமில்லாமல் தொற்றிவிடும் இடத்தில் பள்ளிப் பிள்ளைகளில் காமாலையே தெரியாது.

எண்களில் பார்த்தால் இன்னும் உறைக்கும். மூன்று வயதில் 100 குழந்தைகளுக்குத் தொற்றினால் காமாலை சுமார் 10. பிறகு தண்ணீரும் கழிப்பறையும் கொஞ்சம் சீராகி, தொற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அதே சமயம் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது வரை வைரஸைச் சந்திக்கும் வாய்ப்பே வருவதில்லை. இப்போது தொற்றும் 33 பேரில் 23 பேருக்குக் காமாலை. தொற்று குறைந்தது, நோய் இரட்டிப்பானது. "இவ்வளவு செலவு செய்து கழிப்பறை கட்டியும் காமாலை கூடிவிட்டதே" என்று நிர்வாகத்தைத் திட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். கழிப்பறை கட்டியது தப்பில்லை, பாதியில் நிறுத்தியதுதான் தப்பு.

உலக சுகாதார நிறுவனம் நாடுகளை வகை பிரிப்பதும் காமாலை எண்ணிக்கையை வைத்து இல்லை, எந்த வயதில் எத்தனை பேர் இரத்தத்தில் எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) இருக்கிறது என்பதை வைத்துத்தான். 10 வயதுக்குள் 90 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மிகப் பரவலான பகுதி. 10 வயதில் 90 சதவீதத்தைத் தொடாமல், 15 வயதுக்குள் 50 சதவீதத்தைத் தாண்டினால் நடுத்தரம். 15 வயதிலும் பாதியைத் தொடவில்லை, 30க்குள்தான் தொடுகிறது என்றால் குறைவு. இதில் ஆபத்தானது நடுப்படி. வளரும் நாடுகளில் பலவும் இப்போது நிற்கும் படி அதுதான். ஒரே நகரத்துக்குள்ளேயே ஒரு பகுதி முதல் படியிலும் மறுபகுதி மூன்றாம் படியிலும் இருக்கும்; நாட்டுச் சராசரி இரண்டையும் மறைத்துவிடும். எதிர்ப்பில்லாமல் வளர்ந்த தலைமுறைக்கு என்ன ஆகும் என்பதற்கு 1988இல் ஷாங்காய் சாட்சி: அசுத்த நீரில் பிடித்த சிப்பியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டதில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் படுத்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள்.

ஆகவே பள்ளிப் பிள்ளைகளிடம் எவ்வளவு தொற்று நடந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இரத்தம்தான் பேசும். ஆய்வுக்கு மூன்று வயது போதும்: 5-6, 9-10, 14-15. ஒரு வயதுக் குழுவில் பத்து சதவீதப் புள்ளி முன்னே பின்னே துல்லியம் வேண்டுமானால் 96 பேர் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் பிள்ளைகளைப் பள்ளி பள்ளியாகத்தான் எடுப்போம். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே தொட்டித் தண்ணீர் குடித்தவர்கள், ஒருவரைப்போல இன்னொருவர் இருப்பார்கள். அதனால் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி, குழுவுக்கு 200 என்று வைத்துக்கொள்வது நல்லது. அந்த 200 பேரை இரண்டு பெரிய பள்ளிகளில் அள்ளிவிடாமல் இருபது பள்ளிகளில் பத்துப் பத்துப் பேராக எடுங்கள். பள்ளிக்கே வராத பிள்ளைகள் இந்த வலையில் விழமாட்டார்கள். அவர்களிடம் தொற்று அதிகமாக இருக்கும் என்பதை அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

கேட்க வேண்டிய சோதனை ஐஜிஜி (தொற்று போன பிறகும் நிற்கும் எதிர்ப்பொருள் வகை) அல்லது எல்லா வகையும் சேர்ந்த மொத்த எதிர்ப்பொருள். ஐஜிஎம் இல்லை. ஐஜிஎம் அண்மைத் தொற்றைக் காட்டுவது, சில மாதங்களில் மறைந்துவிடும். நோய் பரவுகிறது என்றதும் நலமாக இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஐஜிஎம் எடுக்கச் சொல்வது அடிக்கடி நடக்கும் வீண்செலவு. நாலு மாதம் முன்பு வந்துபோனதும் பாசிட்டிவ் காட்டும், பொய்ப் பாசிட்டிவும் சேர்ந்து வரும், கடைசியில் யாரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. அறிகுறி உள்ள பிள்ளைக்கு மட்டும் ஐஜிஎம்.

ஆய்வகத்தில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. மொத்த எதிர்ப்பொருளுக்கான எலைசா (சிறு குழிகள் உள்ள தட்டில் நிறத்தை வைத்துப் பார்க்கும் சோதனை) கிட்டுகள் பல போட்டி முறையில் வேலை செய்பவை. பிள்ளையின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நிறமேற்றும் வேதிப்பொருளுக்கு இடம் கிடைக்காது. ஆக நிறம் வராத குழிதான் பாசிட்டிவ். மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பது நெகட்டிவ். மற்ற எலைசாக்களில் கைபழகியவர் தூக்கக்கலக்கத்தில் அட்டவணையைத் தலைகீழாக நிரப்பிவிட்டால், 80 சதவீதம் 20 ஆகிவிடும். பார்த்தால் சந்தேகமும் வராது. ஒவ்வொரு தட்டிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் கட்டுப்பாட்டுக் குழிகளை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படிக்க வேண்டும். விரலில் குத்தி வடிதாளில் எடுக்கும் உலர்துளி முறை பள்ளிக்கு வசதிதான். வட்டம் முழுக்க ஒரே துளியில் ஊறி, தாளின் பின்பக்கமும் தெரிய வேண்டும். வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிட வேண்டும். ஈரம் போகுமுன் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒரு பிள்ளையின் இரத்தம் அடுத்த பிள்ளையின் தாளில் ஒட்டும். தடுப்பூசி போட்ட பிள்ளையும் இந்தச் சோதனையில் பாசிட்டிவ்தான், அதனால் ஊசி அட்டையைப் பார்த்து அவர்களைத் தனியாக எண்ண வேண்டும்.

வந்த எண்ணை எப்படிப் படிப்பது? 5 வயதில் 10 சதவீதம் பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்தில் 90 சதவீதம் பேர் தப்பியிருக்கிறார்கள். அதே வேகத்தில் போனால் 15 வயதில் தப்பியவர்கள் 0.9ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது, அதாவது 73 சதவீதம். பாசிட்டிவ் 27 சதவீதம் இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் 80 என்று வருகிறது. அப்படியானால் இந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது வைரஸ் கொட்டிக் கிடந்திருக்கிறது, இப்போது குறைந்துவிட்டது. அல்லது பள்ளியில் சேர்ந்த பிறகுதான் பெருமளவில் தொற்றுகிறது. இரண்டில் எது என்பதை 9-10 வயது எண் காட்டிக்கொடுக்கும்: அது 20க்குப் பக்கத்தில் இருந்தால் முதலாவது, ஐந்து வயதை விட்டுச் சட்டென்று 50, 60க்குத் தாவியிருந்தால் பள்ளியின் தண்ணீரையும் கழிப்பறையையும் சந்தேகப்படுங்கள். மூன்று வயதுக் குழு கேட்டது இதற்காகத்தான்.

தண்ணீருக்கு வருவோம். மேல்நிலைத் தொட்டியைத்தான் எல்லோரும் கழுவுவார்கள். கோளாறு பெரும்பாலும் கீழே இருக்கும். செப்டிக் டேங்க் ஒரு மூலையில், தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி அதே மூலையில், நடுவில் ஒரு விரிசல். இடைவிட்டு இடைவிட்டுத் தண்ணீர் வரும் இடங்களில் குழாய் வெறுமையாகும்போது உள்ளே உறிஞ்சும் அழுத்தம் உண்டாகி, ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே போகும். மறுபடி தண்ணீர் விடும்போது முதலில் வருவது அதுதான். அதைத் தொட்டியில் ஏற்றாமல் வெளியே விட வேண்டும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 30 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். "ஈகோலை (மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியா) இல்லை" என்று வந்த ஆய்வறிக்கையை வைத்துக்கொண்டு நிம்மதி அடைய வேண்டாம். ஹெபடைடிஸ் ஏ வைரஸ் குளோரினை அந்தப் பாக்டீரியாவைவிட அதிகம் தாங்கும், தண்ணீரில் மாதக்கணக்கில் கிடக்கும்.

குளோரின் போடுவதில் கணக்கு எளிது. 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 7 கிராம் 1000 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி கழித்து, குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும் டிபிடி மாத்திரையால் சோதித்தால் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அளவைக் கூட்ட வேண்டும். பவுடர் மூட்டை திறந்து பல மாதம் ஆகியிருந்தால் 30 சதவீதம் என்பது சாக்கின் மேல் அச்சடித்த எண் மட்டுமே. தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், வைரஸ் மண்துகளுக்குள் பத்திரமாக இருக்கும். முதலில் தெளியவைக்க வேண்டும். ஒரு ஏமாற்று வேலையும் உண்டு: குளோரின் மிதமிஞ்சிப் போனால் டிபிடியின் இளஞ்சிவப்பு நிறம் தோன்றிய வேகத்தில் வெளுத்துவிடும். நிறமில்லையே என்று இன்னும் பவுடர் போடுவார்கள். சந்தேகம் வந்தால் மாதிரியைச் சுத்தமான நீரில் பத்து மடங்கு நீர்க்கவைத்துச் சோதியுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, வகுப்பறையில் ஒரு பானையும் ஒரு டம்ளரும் வைத்தால் எல்லாம் போச்சு. பிள்ளை மொள்ளும்போது கவனியுங்கள்: டம்ளரோடு நாலு விரலும் முதல் கணு வரை தண்ணீரில் முங்கும். நாற்பது பிள்ளைகள், நூற்றறுபது விரல்கள். மூடியும் அடியில் குழாயும் உள்ள பாத்திரம் வைத்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

கைக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். ஆல்கஹால் ஜெல்லை நம்ப வேண்டாம். ஜெல் கொழுப்புறை உள்ள வைரஸ்களின் உறையைக் கரைத்து அழிக்கும். ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு மலத்தில் உறையே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், இரத்தத்தில் இதே வைரஸ் கொழுப்புச் சட்டை போட்டுக்கொண்டுதான் திரிகிறது. பித்தநீர் வழியாகக் குடலுக்கு வரும்போது சட்டையைக் கழற்றிவிடுகிறது. 2013இல்தான் இது வெளிவந்தது. சட்டையில்லாத இந்த வைரஸ் விரல்நுனியில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சோப்புக்கட்டி காணாமல் போகிறது என்று அலுத்துக்கொள்ளும் பள்ளிகளுக்கு ஒரு வழி: ஒன்றரை லிட்டர் பாட்டிலில் 30 கிராம் துணி சோப்புத்தூள் போட்டு நீர் நிரப்பிக் குலுக்கி, மூடியில் ஓட்டை போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். யாரும் எடுத்துப்போக மாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் வசதி குறைந்த பள்ளிகளுக்கு 2009இல் வகுத்த அளவு: 25 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை, 50 மாணவர்களுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு சிறுநீர்க் கழிப்பிடமும், ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் கழிப்பறைக்கான தண்ணீர் தனி. 2021ஆம் ஆண்டுக் கணக்கில் உலகப் பள்ளிகளில் பத்தில் நான்கில் அடிப்படைக் கைகழுவும் வசதிகூட இல்லை. கழிப்பறையைச் சுத்தம் செய்யும்போது முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். மலம் ஒட்டியிருக்கும் இடத்தில் குளோரின் ஊற்றினால் அது மலத்தோடே தீர்ந்துபோகும். கழுவிய பிறகு 0.5 சதவீதக் கரைசல், அதாவது அதே பவுடர் லிட்டருக்கு 17 கிராம். பத்து நிமிடம் ஊறட்டும். தாழ்ப்பாள், குழாய்த் திருகு, மக்கின் கைப்பிடி மூன்றையும் துடைக்க மறந்துவிடுவார்கள். பிள்ளைகள் கழுவாத கையால் முதலில் தொடுவது அவற்றைத்தான். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் கரைசல் படவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

முதல் காமாலை வந்ததும் பள்ளியை மூடச் சொல்லி அழுத்தம் வரும். மூடிப் பிரயோசனம் குறைவு. கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் மலத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். அந்தப் பிள்ளை ஓடியாடி விளையாடிய நாட்கள் அவை. காமாலை தொடங்கி ஏழு நாள் வீட்டில் இருந்தால் போதும். தொற்றியதிலிருந்து நோய் தெரிய 15 முதல் 50 நாள், சராசரி 28 நாள். (இந்த நோய்க்கும் ஹெபடைடிஸ் பிக்கும் உள்ள வித்தியாசமும், எத்தனை நாளில் வரும் என்பதும் தெளிவாகத் தெரிய வந்ததில், நியூயார்க்கின் வில்லோபுரூக்கில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே தொற்றை ஊட்டிச் செய்த சோதனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1967இல் சோல் க்ரூக்மன் வெளியிட்ட அந்த முடிவுகளைச் சங்கடமில்லாமல் மேற்கோள் காட்ட முடியாது.)

இந்த நாள் கணக்கை வைத்தே மூலத்தைப் பிடிக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் தொடங்கிய தேதி, வகுப்பு, எங்கே தண்ணீர் குடித்தது, வீட்டில் ஆறு வயதுக்குள் குழந்தை உண்டா என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். முதல் பிள்ளை மார்ச் 3, நடுவில் இருக்கும் பிள்ளை மார்ச் 14, கடைசிப் பிள்ளை ஏப்ரல் 2 என்று வந்தால்: முதல் தேதியிலிருந்து 15 நாள் கழித்தால் பிப்ரவரி 16, கடைசியிலிருந்து 50 கழித்தால் பிப்ரவரி 11, நடுவிலிருந்து 28 கழித்தால் பிப்ரவரி 14. மூன்றும் ஒரே வாரத்தில் விழுகின்றன. அந்த வாரம் குழாய் உடைந்ததா, மோட்டார் பழுதாகி வேறு எங்கிருந்தாவது தண்ணீர் எடுத்தார்களா என்று தேடுங்கள். அப்படி ஒரே குவியலாக இல்லாமல் நாலு வாரத்துக்கு ஒரு அலையாக, வகுப்பு வகுப்பாக வந்தால் கைவழிப் பரவல். தண்ணீரைக் குடைந்துகொண்டிருப்பதைவிடக் கழிப்பறைக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கும் கவனம் போக வேண்டும்.

தடுப்பூசி பற்றி. பரவலின்போது இரண்டாம் அலைக்கு முன் போட்டால்தான் பள்ளியில் பலன். தொற்றாளியோடு பழகி 14 நாளுக்குள் போட்டால் பெரும்பாலும் காக்கும். கஜகஸ்தானின் அல்மாத்தியில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில் தடுப்பூசி போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும், இம்யூனோகுளோபுலின் (பிறர் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்) போட்டவர்களில் 3.3 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. வித்தியாசம் சிறியது, தடுப்பூசி தரும் பாதுகாப்போ பல வருடம் நிற்கும். போடுமுன் இரத்தப் பரிசோதனை தேவையில்லை; ஏற்கெனவே எதிர்ப்பு உள்ள பிள்ளைக்குப் போட்டாலும் கெடுதல் இல்லை. செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன ஊசி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உறைந்தால் வீண், ஐஸ் பேக்கை ஒட்டி வைக்கக்கூடாது. இரண்டாம் தவணை 6 முதல் 12 மாதத்தில். தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

ஆனால் நிரந்தரமாகப் பரவலை நிறுத்தியது பள்ளியில் போட்ட ஊசி இல்லை. இஸ்ரேல் 1999இல் 18, 24 மாதக் குழந்தைகளுக்கு மட்டும் போடத் தொடங்கியது. சில வருடத்தில் எல்லா வயதிலும் சேர்த்து நோய் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பெரியவர்களுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அர்ஜென்டினா 2005இல் 12 மாதத்தில் ஒரே ஒரு தவணை போட்டே பரவலை அடக்கியது. நடுப்படியில் நிற்கும் நாடு எடுக்க வேண்டிய முடிவு இது. எல்லோருக்கும் சின்ன வயதிலேயே தொற்றிவிடும் முதல் படியில் பெருமளவு ஊசித் திட்டத்தைவிடத் தண்ணீரில் போடும் பணமே மேல்.

படுத்த பிள்ளைக்குத் தனி மருந்து கிடையாது. பசிக்கேற்பச் சாப்பிடலாம், எண்ணெயே கூடாது என்று பட்டினி போடுவதில் பயனில்லை. பாராசிட்டமாலை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம், ஈரலுக்கு என்று விற்கும் பெயர் தெரியாத சாறுகளும் வேண்டாம். பகலில் தூங்கி இரவில் விழிப்பது, பேச்சு குழறுவது, ஓயாத வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் இரத்தம்: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே பெரிய மருத்துவமனை, இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனை. சுமார் பத்தில் ஒருவருக்கு, குணமாகிச் சில வாரம் கழித்து நோய் திரும்பும். அப்போதும் வைரஸ் வெளியேறும், அந்தப் பிள்ளை மறுபடி ஒரு வாரம் வீட்டில் இருக்கட்டும்.

கடைசி நோயாளிக்குப் பிறகு 100 நாள், அதாவது 50 நாள் இரண்டு முறை, புது நோயாளி இல்லையென்றால்தான் பரவல் முடிந்தது என்று எழுதலாம். அதுவரை குளோரின் பதிவேட்டில் பார்க்க வேண்டிய வரி ஒன்றுதான்: விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலை, தொட்டியிலிருந்து ஆகத் தொலைவில் உள்ள குழாயில் எடுத்த எண். இரண்டு நாள் தேங்கிய நீரில் குளோரின் பறந்துபோயிருக்கும். மற்ற நாட்களில் எல்லாம் 0.5 என்று அழகாக எழுதியிருந்து, அந்தக் காலைகளும் 0.5 என்றே இருந்தால், அது அளந்து எழுதியதில்லை.